எந்தத் தெரு என்று நான் சேர்த்த வரி

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலையில் உன் கம்ப்யூட்டர் அறையை நான்தான் திறந்துவைக்க வேண்டும் என்று போனில் மூன்று முறை சொல்லிவிட்டாய். மூன்று முறையும் "பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மலைப்பாதையில் அம்மாவுக்குத் தலை சுற்றும், அதனால்தான் இழுக்கிறாள் என்று நினைத்து, கார் அனுப்புகிறேன் என்றாய். தலைசுற்றல் எல்லாம் ஒன்றும் இல்லை. உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், அதைப் போனில் சொல்ல முடியாது. பாதியில் நீ குறுக்கே புகுந்து, "பழைய கதைம்மா, வுடு" என்பாய். நானும் விட்டுவிடுவேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அப்படித்தான் விட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து முழுக்கப் படி.

போன வாரம், மலை ஜனங்கள் வேண்டியதைப் பதிந்தால் ஜீப்பில் கொண்டுபோய்க் கொடுக்க நீ செய்திருக்கிற படிவத்தை அனுப்பி, முதல் பெயர் என்னுடையதாக இருக்கட்டும் என்றாய் அல்லவா? பெயர் போட்டேன், போன் நம்பர் போட்டேன், என்ன வேண்டும் என்ற இடத்தில் விளையாட்டாக "மகன் வீட்டுக்கு வர வேண்டும்" என்று போட்டேன். அடுத்த கட்டத்தில் ஊர், தெரு என்று இருந்தது. அங்கே கை நின்றுவிட்டது. காலியாக விட்டு அனுப்பிப் பார்த்தேன், சிவப்பு எழுத்தில் இது கட்டாயம் என்று வந்தது. உனக்குப் போன் செய்து கேட்டதற்கு, "தெரு இல்லாம எப்பிடிம்மா, ஜீப்பு எங்க போய் நிக்கும்?" என்று சிரித்தாய். நான் சட்டென்று போனை வைத்தது அதனால்தான். கிட்டத்தட்ட அதே கேள்வியை உன் வயதில் நானும் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உன் அப்பா வைத்திருந்த கேசட் ரெக்கார்டிங் கடை உனக்குத் தெரியாது. நீ பிறக்கும் முன்பே அது மூடியாகிவிட்டது. பாட்டுப் பதிய வருகிறவர்களைவிட சும்மா உட்கார வருகிறவர்கள்தான் அங்கே ஜாஸ்தி. தாடி வைத்த பையன்கள், தோளில் ஜோல்னாப் பை, சைக்கிள் ஓட்டி வருகிற இரண்டு மூன்று பெண்கள், அதில் நானும் ஒருத்தி. கையால் உருட்டி அச்செடுக்கிற சைக்ளோஸ்டைலில் ஒரு பத்திரிகை போட்டோம், சந்தைக்கு வெளியே வீதி நாடகம் நடத்தினோம், ஐயர் இல்லாமல் தாலி இல்லாமல் எங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துவைத்தோம். ஊர் எங்களை 'கழண்ட கேசு' என்றது. நாங்கள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டோம். பெயருக்கு முன்னால் இனிஷியல் போடக்கூடாது, சாதி கேட்கக்கூடாது, யாராவது வாய்தவறிக் கேட்டால் அன்றைக்கு எல்லாருக்கும் அவர்தான் டீ வாங்கித் தர வேண்டும். எங்கள் சட்டம் அவ்வளவுதான், அதில் எங்களுக்கு இருந்த பெருமையோ மலை அளவு.

எங்களில் ஒருவன் சேகர். மெட்ராஸில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, அதை உதறிவிட்டு வந்தவன். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில், முடி வளர்த்த பையன்கள் இசைத்தட்டுக் கடையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதில் சேதி போடலாம், படிக்கலாம் என்று விட்டார்களாம். எங்கேயோ படித்துவிட்டு வந்து தூங்காமல் அதையே பேசினான். "கவர்மெண்டும் பேங்கும் வச்சிக்கினு நம்ம மேல ஏறி ஒக்காரப் போற சாமான், அத மொதல்ல நாம எடுத்து ஜனங்க கையில குடுத்துடணும்" என்பான். பிறகு ஒரு நாள், கம்பெனி கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றும் பிரிண்டர் ஒன்றும் வெங்காய லாரியில் வந்து இறங்கின. கேசட் கடையில் மேசை போட்டு வைத்தோம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. தமிழ் எழுத்து அதில் கிடையாது, தமிழைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும். நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் என்பதால் அடிக்கிற வேலை என்னிடம் வந்தது.

மூன்று வரிதான் கேட்போம். பெயர், என்ன வேண்டும், பதிலுக்கு என்ன தர முடியும். கேட்கிறவர் கொடுக்கவும் வேண்டும் என்பது சேகரின் ஏற்பாடு. ஏர் மாடு ஒரு நாள் இரவல் வேண்டும், வைக்கோல் தருகிறேன் என்று ஒருவர் போடுவார். பழைய பாடப்புத்தகம் வேண்டும், தையல் சொல்லித் தருகிறேன் என்று இன்னொருவர். முதலில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பிறகு சேதி போடவே வந்தார்கள், தியாகதுருகத்திலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். ஒவ்வொரு சேதிக்கும் ஒரு நம்பர், ரேஷன் கடை மாதிரி அட்டையில் எழுதிய டோக்கன். பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க டோக்கனோடு வர வேண்டும். யாரும் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை. மாடு மேய்ந்துவிட்டது, துவைத்ததில் கரைந்துவிட்டது என்று வந்து நிற்பார்கள், நான் இருநூறு முந்நூறு சேதியில் தேட வேண்டும். ஒரு நாள் எரிச்சலில், "தெரு பேரக் கேட்டா முடிஞ்சுது. அந்தப் பக்கம் போறவங்க கையில பதிலக் குடுத்து அனுப்பிடலாம். தெரு இல்லன்னா பதிலு எங்க போய் சேரும்?" என்றேன். சேகர் யோசித்தான். "வாணாங்க, டோக்கனே இருக்கட்டும்" என்றான். காரணம் கேட்டதற்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் வாயாடி, எதிர்வாதம் செய்ய அவனுக்கு வராது. நான்காவது வரி சேர்ந்தது.

ஏழுமலையும் எங்கள் ஆள்தான். ஆமாம், நீ மலை மாமா என்று கூப்பிடுகிறாயே, வெள்ளிமலையில் உனக்கு அறை கொடுத்திருக்கிறாரே, அவரேதான். அப்போது டுடோரியலில் கணக்கு வாத்தியார். மலையிலிருந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த பூங்கொடியைக் கல்யாணம் செய்துகொண்டு, டவுனில் ஒரு பெரிய தெருவில் வாடகைக்கு இருந்தார். வீட்டுக்காரர் அவரை எந்தத் தெரு என்று கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையும் கணக்கும் போதுமானதாக இருந்தன. அவருடைய அம்மா காலனியில் இருந்தார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி, பகலில் கூட இருக்க ஒரு ஆள் வேண்டும் என்று சேதி போட வந்தார். பதிலுக்கு இலவசமாகக் கணக்கு சொல்லித் தருகிறேன் என்றார். நான்காவது வரி வந்ததும் நின்றார். "போட்டுத்தான் ஆவணுமாக்கா?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை என்று இன்றைக்கு எழுதினால் அது பொய். புரிந்தது, ஆனால் நமக்குள் என்ன சாதி, இதற்கெல்லாம் கூச்சப்படக் கூடாது என்று நினைத்தேன். கூச்சம் எனக்கு இருக்க வேண்டிய அவசியம் இல்லை, என் தெருவைச் சொன்னால் யாரும் என்னை எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். "ஆளு எந்த வூட்டுக்கு வரணுமோ அந்தத் தெருவ சொல்லுப்பா" என்றேன். சொன்னார். அடித்தேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து நம் சாதிச் சங்கத்தின் சாலை மறியல் வந்தது. எங்கள் ஜனத்துக்குப் படிப்பிலும் வேலையிலும் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கோரிக்கை நியாயம் என்பதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை. நீ படித்த படிப்பிலேயே அதன் பலன் இருக்கிறது, அதை மறந்துவிடாதே. ஆனால் ஊர் ஒரு மாதிரி இறுகிப்போய்க் கிடந்தது. டீக்கடையில் பேச்சு நின்று நின்று வந்தது. காலனிப் பக்கம் குடிசை எரிந்ததாக அந்த ஊர் இந்த ஊர் என்று சேதி வந்தது, எது உண்மை எது புரளி என்று தெரியாது. மறியலுக்கு இரண்டு நாள் முன்னால் சேகர் மெட்ராஸுக்குப் போனான், பிரிண்டருக்கு ரிப்பன் வாங்க. அன்று மத்தியானம் உன் பெரிய மாமா கடைக்கு வந்தார்.

"தே, ஒம் பொட்டில டவுன்ல இருக்கறவன் பேரெல்லாம் கீதாமே. நம்ம தெரு ஆளுங்க யாரு யாருன்னு ஒரு லிஸ்டு எடுத்துக் குடு. மறியலுக்கு வூட்டுக்கு ஒர்த்தர் வரணும். கட எல்லாம் மூடிட்டா அரிசி குடுத்து அனுப்பணும், பேரு தெரியாம இன்னா பண்றது?"

மாமா கெட்டவர் இல்லை. அரிசி கொடுக்கத்தான் கேட்டார், கொடுக்கவும் செய்தார். எனக்கு என்ன ஆனது என்று கேட்டால், பெருமை தலைக்கேறியது. பொம்பளைக்கு எதுக்கு இந்த மிஷினு என்று வருடம் முழுக்கக் கிண்டல் செய்த அண்ணன் என்னிடமே வந்து கேட்கிறார். தெருவாரியாக அடுக்கச் சொல்லி சேகர் கற்றுக்கொடுத்திருந்ததை அடித்தேன். பிரிண்டர் கத்திக்கொண்டு ஏழெட்டுத் தாள் தள்ளியது. ஒரு பகுதியை மட்டும் அச்சடிக்க எனக்குத் தெரியாது, மொத்தமும் வந்தது. நம் தெருக்கள் மேலே, மற்றதெல்லாம் கீழே. "ஊரு சுத்தி வெசாரிச்சா ஒரு வாரம் ஆவும், பாத்தியா?" என்றேன். "கொஞ்சம் இரு, கீழ இருக்கறத கிழிச்சிட்டுத் தரன்" என்று கையை நீட்டினேன். "நானே கிழிச்சிக்கிறன், குடு, நேரமாவுது" என்றார். கொடுத்தேன். உன் அப்பா அப்போது வெளியே டீ குடிக்கப் போயிருந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

மறியலின் இரண்டாம் நாள் காலையில் ஏழுமலை வீட்டுச் சாமான் தெருவில் கிடந்தது. அண்டா, ஸ்டவ், கயிறு கட்டிய புத்தகங்கள், குழந்தைக்கென்று வாங்கி வைத்த தொட்டில் கம்பி. பூங்கொடிக்கு அப்போது எட்டாம் மாதம், வாசலில் அண்டாவின் மேல் உட்கார்ந்திருந்தாள். சேதி கேட்டு நான் ஓடினேன். வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"வாத்தியாரே, உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. ஆனா மறச்சிட்டீங்க பாருங்க. இன்னிக்கி இருக்கற நெலமயில எம் வூட்டுக்கு இன்னா ஆவும்னு நெனச்சீங்களா?"

அவர் சட்டைப்பையில் மடித்த தாள் ஒன்று எட்டிப் பார்த்தது. ஓரத்தில் வரிசையாக ஓட்டை. அந்த ஊரில் அப்படி ஓட்டை போட்ட தாள் வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான். ஏழுமலையும் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தொட்டில் கம்பியைக் குனிந்து எடுத்தேன்.

டவுனில் அன்றைக்கு அவர்களை உள்ளே விட ஒரு வீடு இல்லை. எங்கள் வீட்டில் என் மாமனார் வாசலை மறித்து நின்றார். காலனிக்குப் போகவும் பயம், அங்கே என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. பூங்கொடி, "எங்கம்மா வூட்டுக்குப் போயிடறன்" என்றாள். வெள்ளிமலை. பஸ் இல்லை, ரோடு முழுக்கப் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். கச்சிராயபாளையம் வரை போய்விட்டால் அதற்கு மேல் ஜீப் கிடைக்கலாம். நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். சைக்கிள் கேரியரில் பூங்கொடியை உட்காரவைத்து ஏழுமலை தள்ள, நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். மரம் கிடந்த இடத்தில் எல்லாம் அவளை இறக்கி, சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, மறுபடி ஏற்ற வேண்டும்.

முதல் மரத்தடியில் பத்துப் பேர் கம்போடு நின்றார்கள். அவர்கள் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "எந்த ஊரு? எந்தத் தெரு?" என் தெருவைச் சொன்னேன், அண்ணன் பெயரைச் சொன்னேன், இது என் கொழுந்தன், இது அவன் பொண்டாட்டி என்றேன். விட்டார்கள். இரண்டாவது இடத்திலும் அதே கேள்வி, அதே பொய். மூன்றாவது இடம் கச்சிராயபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால். அங்கே இருந்தவன் என் பதிலைக் கேட்காமல் ஏழுமலை பக்கம் திரும்பினான். "நீ சொல்லு. ஒன் தெரு இன்னா?" ஏழுமலை சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றார். அவர் கட்டைவிரல் பட்டு சைக்கிள் பெல் கிணுகிணுவென்று அடித்தது எனக்கு இன்னும் கேட்கிறது. பூங்கொடி கேரியரிலிருந்து இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள். "மலைக்குப் போறம். மலையில தெரு ஏதுடா?" என்றாள். அங்கே வீடு காட்டுக்கு ஒன்றாகத்தானே இருக்கிறது. பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். "வுடுங்கடா, மாசமா கீது" என்றார். போனோம்.

மூன்று வாரம் கழித்துப் பெண் பிறந்தது. என் பெயரையே வைத்தார்கள். நான் கூடவே வந்து கரை சேர்த்தேனாம். அந்த நன்றிக்குத்தான் ஒவ்வொரு தையிலும் மலையிலிருந்து சாமை வந்தது. காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்து உனக்கு ஊட்டினேனே, அந்தச் சாமை. நீ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

லிஸ்டை யார் கொடுத்தது என்ற கேள்வி எங்களுக்குள் எழாமல் இல்லை. சேகர்தான் என்று முடிவாயிற்று. மிஷின் தெரிந்தவன் அவன், மறியலுக்கு முன்னால் ஊரைவிட்டுப் போனவனும் அவன். கொடுத்துவிட்டு ஓடிவிட்டான் என்றார்கள். ரோடு திறந்து அவன் ரிப்பனோடு திரும்பி வந்தபோது கடையில் யாரும் அவனோடு பேசவில்லை. அவன் என்னிடம்தான் கேட்டான். "நீங்க யாருக்காச்சும் அடிச்சிக் குடுத்தீங்களா?" நான் இல்லை என்றேன். உன் அப்பா பக்கத்தில் இருந்தார். உன் பெரிய மாமா வந்துபோனது பிறகு அவருக்குத் தெரியவந்திருந்தது, ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சேகர் கம்ப்யூட்டரைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு போனவன்தான், திரும்பி வரவே இல்லை. அதன்பிறகு கடையில் யாரும் வந்து உட்காரவில்லை. உன் அப்பா சாகும் வரை இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் எப்போதோ சொல்லியிருப்பேன் என்று சில நாள் அவர் மேல் கோபப்படுவேன். என் தப்புக்கு அவரைக் கோபிப்பது எவ்வளவு சௌகரியம் பார்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? இருந்தாலும் பெற்றவள், சொல்லித்தான் ஆக வேண்டும். நாங்கள் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை. சாதி கேட்காத மிஷின் என்று ஊர் முழுக்கச் சொன்னோம், தெருவைக் கேட்டோம். நம் ஊரில் இரண்டும் ஒன்று என்பது மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும், எங்களுக்கு மட்டும் தெரியாமல் போனது, அல்லது தெரிய வேண்டாம் என்று இருந்தோம். நீயும் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறாய். ஜீப் வந்து நிற்க வேண்டும் என்று கேட்கிறாய். ஆனால் நீ எழுதி வைத்ததை நாளைக்கு யார் வந்து எந்த வரிசையில் அடுக்கச் சொல்வார்கள் என்று உன்னால் சொல்ல முடியாது. அன்றைக்கு என்னிடம் கேட்டது என் கூடப் பிறந்த அண்ணன். ஜீப் பெரிய மரத்தடியில் நிற்கட்டும், வேண்டியவர் நடந்து வரட்டும். உன்னிடம் ஒருவர் தயங்கினால், தயவுசெய்து என்னைப் போல அவருக்குத் தைரியம் சொல்லாதே. கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடு.

போன வியாழக்கிழமை நான் வெள்ளிமலைக்குப் போயிருந்தேன், உன்னிடம் சொல்லவில்லை. பஸ்ஸில்தான் போனேன், தலை சுற்றவில்லை. பூங்கொடி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல என் கையிலிருந்த பையை வாங்கி ஓரமாக வைத்தாள், போகும்போது நிரப்பித் தர. நான் உட்காராமலேயே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். உன் படிவமும் தெரு கேட்பது வரை முழுக்கச் சொன்னேன். முறம் நின்றுவிட்டது. ஏழுமலை ஒன்றுதான் கேட்டார்.

"சேகரு உசுரோட இருக்கானா?"

"தெரியல" என்றேன்.

"அவன் கல்யாணப் பத்திரிக அனுப்பினான். நான் கிழிச்சி அடுப்புல போட்டன்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சேகர் எங்கே இருக்கிறான் என்று தேட என்னிடம் ஒரு தெருப் பெயர்கூட இல்லை. அந்த மிஷினில் கடைசி வரை தெரு போடாமல் டோக்கன் நம்பர் மட்டும் போட்டுச் சேதி எழுதியவன் அவன் ஒருவன்தான். அவனைத் தேடிக் கொடு. வேறு எதுவும் உன்னிடம் நான் கேட்கப்போவதில்லை. அறையைத் திறக்க வேண்டியவன் அவன். அவன் வர மாட்டான் என்றால் வேறு யார் வேண்டுமானாலும் திறக்கட்டும், நான் திறக்க மாட்டேன்.

கிளம்பும்போது பூங்கொடி பையைக் கொண்டுவந்தாள். நான்காக மடித்திருந்தாள், உள்ளே ஒன்றும் இல்லை. ஏழுமலை என்னோடு பஸ் நிற்கிற இடம் வரை வந்தார், வழியில் உன் அறையைப் பூட்டிச் சாவியை என் கையில் வைத்தார். "ஒம் புள்ளைக்கி நீயே சொல்லிடு. நான் சொன்னா ஒன்ன வேற மாரி பாப்பான். அந்த வரிய எடுத்துட்டான்னா சாவியக் குடு. எடுக்கலன்னா கெணத்துல போடு."

சாவி சமையலறையில், சாமை டப்பாவில் இருக்கிறது. டப்பா காலி, கை விட்டால் உடனே கிடைக்கும். அந்த வரியை எடுத்துவிட்டு வந்து வாங்கிக்கொண்டு போ.

உன் அம்மா